நீலத்தில் இருந்தவர்கள்

சனிக்கிழமை மதியம் இரண்டே முக்கால் மணிக்கு என் மகள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, கணினித் திரையை எட்டிப் பார்த்து, "நீலத்துல இருந்தவங்கல்லாம் எங்கம்மா?" என்று கேட்டாள். எல்லாம் சரியத் தொடங்கியது அப்போதுதான். அதற்கு ஒரு நிமிடம் முன்புவரை அது எனக்கு நல்ல நாளாக இருந்தது. பல வருடங்களில் வாய்த்த மிக நல்ல நாள் என்றே சொல்வேன்.

"எந்த நீலம்?"

"வண்டி கூடவே நடந்து வருவாங்களே. கொழந்தையத் தூக்கிட்டு ஒரு அக்கா, ஒத்தச் செருப்பு சிப்பாய், புல்லுக்கட்டு வெச்சிருக்கிற அந்த ரெண்டு பேரு."

நான் சிரித்தேன். "அது பென்சில் கோடுடி. ஸ்கேன் பண்ணா நீலம் விழாது. விழக் கூடாதுன்னுதான் நீலத்துல போடறது."

"பென்சில் கோடுன்னா எல்லாப் பக்கத்துலயும் அதே ஆளுங்க எப்படிம்மா வருவாங்க? மொதல்ல அவங்கல்லாம் கறுப்பு மையிலதான் இருக்காங்க. செத்துப் போனதுக்கு அப்புறம்தான் நீலமாகி கூடவே நடக்கறாங்க. நீ படிக்கவே இல்லயா?"

மேசையில் என் முழங்கைக்குப் பக்கத்தில் ரப்பர்த் துகள் ஒரு சின்னக் குவியலாகக் கிடந்தது. வெளிறிய நீல நிறத்தில்.

படக்கதை வரையாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாங்கள் முதலில் வெளிர்நீலப் பென்சிலால் வரைந்துகொள்வோம். சரியான கோடு எதுவென்று தெரிந்த பிறகு அதன்மேல் கறுப்பு மை. ஸ்கேனருக்கும் ஜெராக்ஸ் மெஷினுக்கும் அந்த வெளிர்நீலம் பிடிபடாது. மை மட்டும் சுத்தமாக விழும். எங்காவது நீலம் அழுத்தமாக இருந்து சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டு வந்தால், மை காய்ந்ததும் ரப்பரால் எடுத்துவிடுவோம். பக்கத்தைச் சுத்தம் பண்ணுவது என்று அதற்குப் பெயர். பல் துலக்குவது போன்ற வேலை. பல வருடங்கள் இதையே செய்தால் கண்ணும் இயந்திரம் மாதிரி ஆகிவிடுகிறது. நீலம் எதிரிலேயே இருக்கும், தெரியாது. மையை மட்டும்தான் பார்ப்போம்.

அன்று காலை நான் சுத்தம் செய்தது என்னுடைய பக்கத்தை அல்ல. இங்கே பெங்களூரில், காக்ஸ் டவுனில் தங்கையோடு வசிக்கும், எழுபது வயதைத் தாண்டிய ஒருவருடைய பக்கத்தை.

இந்த ஊரில் படக்கதை வரைகிற எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பாகங்களுக்கு வரைபடம் போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஷிப்ட் முடிந்து வந்து சாயங்காலங்களில் ஒரே ஒரு கதையை வரைந்துகொண்டிருந்தார், இன்னும் வரைந்துகொண்டிருக்கிறார். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்குப் பின்னால் மாட்டுவண்டிகளில் பெங்களூருக்குக் கிளம்பும் ஜனங்களின் கதை. சமைப்பவர்கள், துணி வெளுப்பவர்கள், குதிரைக்குப் புல் வெட்டுபவர்கள், தண்ணீர் சுமப்பவர்கள். ஒரு கட்டத்தில்கூட ராஜா கிடையாது, சண்டை கிடையாது. நானூறு பக்கத்துக்கு மேல் போயும் வண்டிகள் ஊர் வந்து சேரவில்லை. தலைப்பும் வைக்கவில்லை. நாங்கள் அதை 'வண்டி' என்போம். "வண்டி எந்த இடத்துல இருக்காம்?" என்று யாராவது கேட்பார்கள். "இன்னும் மலையேறிட்டு இருக்காம்" என்று யாராவது சொல்வார்கள். புத்தகமாக வந்ததே இல்லை. ஜெராக்ஸ் எடுத்து, அதை ஜெராக்ஸ் எடுத்துக் கைமாற்றிக்கொண்டோம். நான் கல்லூரியில் படிக்கும்போது தோழி ஒருத்தி வீட்டில் அந்த ஜெராக்ஸ் கட்டை முதன்முதலாகப் பார்த்தேன். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆசையினால் என்று அப்போது நினைத்தேன். வேறொன்றும் கலந்திருந்தது என்று பிறகு தெரிந்தது.

எங்களை எல்லாம் அடித்துப்போட்டது அவருடைய வெள்ளை. பக்கத்தின் ஓரத்தில் நான்கு வண்டிகள். மீதி முழுக்க வெறும் சாலை. ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. இவ்வளவு இடத்தைச் சும்மா விட எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று மணிக்கணக்கில் பேசுவோம். நான் பேசியதோடு நிற்கவில்லை. அந்த வெள்ளையை உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். எங்கே நிறுத்த வேண்டும், எவ்வளவு விட வேண்டும் என்று அளந்து அளந்து பழகினேன். என் அப்பா மருத்துவமனையில் கிடந்த கடைசி மாதத்தைப் பற்றி நான் ஒரு புத்தகம் வரைந்தேன். சொன்ன தேதிக்கு முடித்தேன், அச்சாகி வந்தது. நீளமான வராந்தா, காலி பெஞ்சுகள், நிறைய வெள்ளை. விமர்சனம் எழுதியவர்கள் எல்லோரும் அந்த வெள்ளையைத்தான் பாராட்டினார்கள். ஒருவர் விடாமல், 'மூத்த கலைஞரின் பாதிப்பு தெரிகிறது' என்ற ஒரு வரியையும் சேர்த்தார்கள்.

வயிற்றுப்பாட்டுக்கு நான் வரைவது வேறு. அலுவலகங்களில் தீப்பிடித்தால் எந்தப் படி வழியாக இறங்க வேண்டும், லிப்ட் கதவில் கையை ஏன் வைக்கக் கூடாது, இந்த மாதிரி. அதையும் சொன்ன தேதிக்கு முடித்துக் கொடுத்துவிடுவேன். முடிக்கத் தெரிந்தவள் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் முடிக்காதவரைச் சுற்றித்தான் கூட்டம். போன வருடம் ஒரு காபிக் கடை மாடியில் படக்கதைக்காரர்கள் கூடியபோது, அவர் ஒரு ஓரமாக உட்கார்ந்து பன்னைக் காபியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். பத்துப் பதினைந்து இளசுகள் சுற்றி நின்றார்கள். அதில் ஒரு பெண் என்னிடம் வந்தாள். முகம் மலர்ந்து, "மேடம்..." என்று தயங்கினாள். என் புத்தகத்தைப் பற்றித்தான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "சார் கூட எங்க எல்லாரையும் ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். பன் துகள் அவர் தாடையில் ஒட்டியிருந்தது. துடைத்துக்கொள்ளச் சொல்லாமலே எடுத்தேன்.

அதனால், சின்னப் பதிப்பகம் ஒன்று 'வண்டி'யை உள்ளபடியே, முடியாத கதையாகவே வெளியிட முடிவு செய்து, ஒரிஜினல் பக்கங்களை ஸ்கேன் செய்து சுத்தம் பண்ணித் தர முடியுமா என்று என்னைக் கேட்டபோது, யோசிக்காமல் சரி என்றேன். அவருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது, கணினியெல்லாம் பழக்கமில்லை. உதவி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு வேண்டியிருந்தது வேறு. அச்சில் தெரியாத தடுமாற்றம் ஒரிஜினலில் தெரியும். வெள்ளை மை பூசி மறைத்த இடங்கள், வெட்டி ஒட்டிய முகங்கள், வராத விரல்கள். அவர் எங்கெங்கே தோற்றார் என்று கிட்டேயிருந்து பார்க்க ஆசைப்பட்டேன்.

பக்கங்கள் துணிப்பையில் தொம்மலூருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தன. நான் தொடுவதற்கு முன்பே என் மகள் கூடத்துத் தரையில் பரப்பிப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். கல்லூரியில் முதல் வருடம், வணிகவியல். ஒரு கோடு ஒழுங்காக இழுக்க வராது. என் புத்தகத்தில் இருபது பக்கம் படித்துவிட்டு, "நல்லாருக்கும்மா, ஆனா தூக்கம் வருது" என்றவள். இந்த நானூறு பக்கத்தையும் அவள் குப்புறப் படுத்துக்கொண்டு படித்ததைச் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். தோசை ஆறுகிறது என்று மூன்று தடவை கூப்பிட்டேன். "இரும்மா, ஆத்தங்கரைக்கு வந்துட்டாங்க" என்றாள்.

கடைசிப் பக்கத்தைச் சனிக்கிழமை காலையில் எடுத்தேன். ஜெராக்ஸில் வராத, வெளியே யாரும் பார்த்திராத பக்கம்; இரண்டு பெரிய தாள்களை ஒட்டியது. ஒரு ஏரிக்கரை. கரைமேல் வண்டிகள் வந்து நிற்கின்றன. ஊர் வந்துவிட்டது! மாடுகளை அவிழ்த்திருக்கிறார். அந்த மாடுகளை மட்டும் ஒருவர் வாழ்நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் வண்டிகளில் ஒருவர் இல்லை. பக்கத்தில் பாதிக்கு மேல் வெறும் கரை. இத்தனை வருடம் கூட்டிக்கொண்டு வந்த ஜனங்களை இறக்கிவிட அவருக்குத் தெரியவில்லை. அவரால் முடிக்க முடியவில்லை! எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. மற்ற எந்தப் பக்கத்திலும் இல்லாமல், ஸ்கேனில் அந்த இடத்தில் மட்டும் சாம்பல் நிறம் விழுந்தது. அழுத்திப் போட்ட பென்சில். தாளைப் பலகையில் ஒட்டி, நல்ல ரப்பராக எடுத்து, வாயில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, இடமிருந்து வலமாகச் சுத்தம் செய்தேன்.

அதைத்தான் மதியம் திரையில் பார்த்து அவள் கேட்டாள்.

"இதுல எல்லாரும் எறங்குவாங்கம்மா. உயிரோட இருக்கறவங்க, செத்தவங்க, எல்லாருமே நீலமா. யாரு உயிரோட இருக்காங்க, யாரு இல்லன்னே தெரியாது. நான் அழுதுட்டேன் தெரியுமா? அது எங்க?"

பலகையை அவளே திருப்பிப் பார்த்தாள். விரலால் தாளைத் தடவினாள். பிறகு மேசையிலிருந்த துகளைப் பார்த்தாள்.

"அழிச்சிட்டியா?"

"அது பென்சில்னு நெனச்சேன்."

"பென்சில்தான். பென்சில்ல மனுஷங்க இருந்தாங்க. நான் கண்ணால பாத்தேன். நீ எதால பாத்த?"

"எங்க தொழில்ல நீலத்தப் பாக்க மாட்டோம்டி. இத்தன வருஷமா அந்த ஜெராக்ஸ வெச்சிட்டு நாங்கல்லாம்..."

நான் பாதியில் நிறுத்தினேன். ஜெராக்ஸ். நாங்கள் கொண்டாடிய அந்த வெள்ளை. மெஷினுக்கு நீலம் தெரியாததால் வந்த வெள்ளை. அந்தச் சாலை ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. யாருமே பார்க்காத கூட்டம் அதில் நடந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் அளந்து அளந்து கற்றுக்கொண்டது ஒரு ஜெராக்ஸ் கடையின் வேலையை.

"உனக்கு அவர் மேல எப்பவுமே ஒரு இது," என்றாள் மகள்.

"என்ன இது?"

"நீயே சொல்லு."

எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. அவளை அறையிலிருந்து போகச் சொன்னேன். போனாள். பதிப்பகத்துக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் மறுபடி வண்ணத்தில் ஸ்கேன் செய்ய வேண்டும், கொஞ்சம் நாள் ஆகும் என்றேன். அவர்களுக்குச் சந்தோஷம். "கடைசிப் பக்கம் எப்படி மேடம் இருக்கு? வண்டி வந்து சேந்துருச்சா?" என்று கேட்டார்கள். நான் பலகையைப் பார்த்தேன். "அது... பாதிதான் போட்டிருக்காரு," என்றேன். அந்த நிமிடத்தில் அது பொய் இல்லை. போனை வைத்தபோது கூடத்தில் யாரோ செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. வாசற்கதவு சாத்தியது. கீழே ஸ்கூட்டர் கிளம்பியது. கூடத்துக்கு வந்து பார்த்தேன். துணிப்பை இல்லை.

அவள் வண்டியில் எங்காவது போனாலே எனக்குக் கை சில்லென்று ஆகிவிடும். போன மழைக்காலத்தில் இந்திராநகரில் சறுக்கி விழுந்து முழங்கையில் தையல் போட்டு வந்தவள். "போய்ச் சேந்துட்டேன்" என்று ஒரு வரி அனுப்பினால் போதும் என்று கெஞ்சி வைத்திருக்கிறேன். அன்று போனை அணைத்துவிட்டாள். அவள் போன சிறிது நேரத்தில் வானம் கறுத்தது. மழை நேரடியாகக் கொட்ட ஆரம்பித்தது. ஐந்து நிமிடத்தில் எதிர்வீட்டுச் சுவர் தெரியவில்லை. தெருவில் தண்ணீர் காப்பித்தூள் நிறத்தில் ஓடியது. ஓசூரில் வேலையிலிருந்த என் கணவருக்கு அடித்தேன். "பதினெட்டு வயசாச்சு, வந்துடுவா, நீ ஒரு டீ போட்டுக் குடி" என்றார். போனை அவர்மேல் எறிய முடியவில்லை, அவர் ஓசூரில் இருந்ததால்.

அவள் எங்கே போயிருப்பாள் என்று எனக்குத் தெரியும். காக்ஸ் டவுன் வீட்டில் கம்பி போன்தான். நெடுநேரம் மணி அடித்த பிறகு அவருடைய தங்கை எடுத்தார். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர்.

"நான் தொம்மலூர்ல இருந்து பேசறேங்க..."

"தெரியும், தெரியும். பக்கத்த அழிச்ச பொண்ணுதான?"

"பக்கமெல்லாம் நனஞ்சிடுச்சாங்க?" என்று கேட்டேன்.

"பக்கமெல்லாம் காஞ்சுதான் கெடக்கு, கட்டில் மேல. ஒரு பிளாஸ்டிக் கவர், அதுக்கு மேல அவளோட ரெயின்கோட்டு, அப்படிச் சுத்திக் கொண்டாந்தா. அவ தொப்பலா நனஞ்சு வந்தா. பொண்ணப் பத்திக் கேப்பன்னு பாத்தேன்."

"இல்ல, அதத்தான்... அவ இருக்காளா?"

"இல்ல. எங்கண்ணனையும் பின்னாடி ஏத்திக்கிட்டுக் கெளம்பிட்டா. நான் சொன்னேன், அந்தாளுக்கு எழுபத்து நாலு வயசு, போன மாசம்தான் கண்ணு ஆபரேஷன்னு. 'ஆன்ட்டி, கெட்டியாப் புடிச்சுக்கச் சொல்லுங்க'ன்னுட்டுப் போயிட்டா. உன் பொண்ணு நல்லா பேசுவா போலிருக்கே."

"எப்ப கெளம்பினாங்க?"

"நேரமாச்சு. இந்நேரம் வந்திருக்கணுமே," என்றார். அதுவரை இருந்த எகத்தாளம் அவர் குரலில் இல்லை.

நான் குடையை எடுத்துக்கொண்டு கீழே வந்து கேட்டுக்கு அருகில் நின்றேன். குடையால் ஒரு பயனும் இல்லை. அல்சூர் பக்கம் ரோட்டில் முழங்கால் தண்ணீர் என்று பக்கத்து வீட்டுக்காரர் போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீருக்கு அடியில் இருக்கும் பள்ளங்களை ஒவ்வொன்றாக நினைத்தேன். இவ்வளவு பயத்திலும் வேறொரு படம் கண்முன்னே வந்துகொண்டே இருந்தது. அவர் பின்சீட்டில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்திருக்கிறார். அவள் கழுத்தைத் திருப்பிச் சத்தமாக ஏதோ சொல்கிறாள், அவர் சிரிக்கிறார். அவள் அழுத பக்கத்தைப் பற்றிச் சொல்லியிருப்பாள். என்னிடம் சொல்ல வேண்டிய எதையெல்லாமோ இந்நேரம் அவரிடம் சொல்லியிருப்பாள். மழையில் நின்றுகொண்டு அவள் உயிரோடு வந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டே, அவர்மேல் பொறாமையும் பட்டுக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

ஒரு ஆட்டோ தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"மேடம், படம் போடறவங்க வீடு இதானா? அட்ரஸ் கேட்டா பெரியவரு அத மட்டும்தான் சொல்றாரு."

உள்ளே அவர் மட்டும் இருந்தார். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் குல்லாய் மாதிரி மாட்டியிருந்தார். நான் அவரைத் தாண்டி ஆட்டோவுக்குள் தேடினேன்.

"என் பொண்ணு எங்க சார்?"

"வர்றா, வர்றா. ஒண்ணும் ஆகல. அல்சூர் தாண்டி வண்டி தண்ணி குடிச்சு நின்னுருச்சு. என்னை ஆட்டோல ஏத்திவிட்டு, அவ தள்ளிக்கிட்டு வர்றா. நானும் தள்றேன்னேன். 'அங்கிள், நீங்க விழுந்தா உங்களையும் சேத்துத் தள்ளணும், ஏறுங்க'ன்னுட்டா."

கேட்டைப் பிடித்துக்கொண்டேன். போய் அழைத்து வருகிறேன் என்று கிளம்பினேன். "எந்தச் சந்துல வர்றாளோ, நீ ஒரு பக்கம் போய் அவ ஒரு பக்கம் வந்தா? போன் போட்டுப் பாரு, இப்ப ஆன் பண்ணிட்டா, எடுப்பா," என்றார். போட்டேன். எடுத்தாள். மூச்சு வாங்க, "வந்துட்டே இருக்கேன்மா, வை, கை வழுக்குது," என்றாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் எதிரில் நிற்பவர் யார், எதற்காக வந்திருக்கிறார் என்பது என் மண்டையில் ஏறியது.

மேலே அழைத்துப் போனேன். துண்டு கொடுத்தேன். பலகைக்கு முன்னால் நின்று, முகத்தைத் துடைத்தபடி நெடுநேரம் பார்த்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"லைட்டப் போடாத," என்றார்.

பலகையைத் தூக்கி, ஜன்னல் பக்கம் கொண்டுபோய், தாளைச் சாய்த்துப் பிடித்தார். மழை வெளிச்சம் தாள்மேல் பக்கவாட்டில் விழுந்தது. பென்சில் அழுத்திய பள்ளங்கள் தெரிந்தன. நிறம் போயிருந்தது, ஆட்கள் போகவில்லை. வண்டியிலிருந்து ஒருத்தி கால் வைத்து இறங்குகிறாள். ஒற்றைச் செருப்புச் சிப்பாய் தண்ணீரைப் பார்த்து நிற்கிறான். கரை முழுக்க ஜனங்கள். இந்த மாதிரி ஒரு கூட்டத்தை என்னால் வரையவே முடியாது. அந்தக் கூட்டத்தை அழித்தவளாக இருக்கும்போதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

"சார், இந்தப் பள்ளம் மேலயே திரும்பப் போட்டுடலாம். நான் போட்டுத் தர்றேன். ஒரு கோடுகூட மாறாது."

"வேணாம். ஒரு வருஷமா நானே இத அழிக்கலாமா வேணாமான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். கை வரல."

"எனக்காகச் சொல்றீங்களா?"

"உனக்காகப் பொய் சொல்ல நீ யாரு எனக்கு?" என்றார், சாதாரணமாக. "இவங்கள எறக்கிவிட்டது எனக்குப் புடிக்கல. அவசரப்பட்டுட்டேன். கண்ணு போயிடுமோன்னு பயம். எறக்கிவிட்டுட்டு மறுநாள் காலைல எந்திரிச்சு என்ன பண்றதுன்னு தெரியாம, ரேஷன் கடை வரைக்கும் நடந்து போயிட்டு வந்தேன்."

எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. என் தப்பைக்கூட அவருடைய கதைக்குள் இழுத்துக்கொண்டார் என்றுதான் பட்டது. நான் எதையும் முடித்த மறுநாள் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றதே இல்லை. அடுத்த வேலைக்குத் தேதி காத்திருக்கும்.

அவர் எங்கள் அலமாரியில் என் புத்தகத்தைக் கண்டு உருவினார். "இது எங்கிட்டயும் இருக்கு," என்றார். இத்தனை வருடங்களில் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வராந்தா வருகிற பக்கத்தைத் திறந்து, மூக்குக்கு அருகில் பிடித்துப் பார்த்தார்.

"ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். இந்த பெஞ்சுல எல்லாம் யாரு? அச்சுல நீலம் விழாமப் போயிடுச்சா? புத்தகம் வந்தப்பவே எந்தங்கச்சிகிட்டச் சொன்னேன், பாவம், இந்தப் பொண்ணோட ஆளுங்களையும் மெஷினு தின்னுடுச்சுன்னு."

"யாருமில்ல சார். காலி பெஞ்சுதான்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கிண்டலாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை.

"ஆஸ்பத்திரில காலி பெஞ்சு ஏதும்மா?"

அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும் போலிருந்தது. அப்பா கிடந்த அந்த மாதம் வராந்தாவில் உட்கார இடமே கிடைக்காது. சாப்பாட்டுக் கேரியரோடு, தலையணையோடு, சுருட்டிய பாயோடு எத்தனை பேர். எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தவர்கள், ஒரே தட்டில் எனக்கும் சேர்த்துச் சோறு வைத்தவர்கள். அவர்களை நான் வரையவில்லை. வெள்ளை அழகாக இருந்தது.

இதை எழுதும் இப்போதும், மழை பிடித்தால் என் கை போனைத் தேடுகிறது. அந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

படியில் ஈரச் செருப்புச் சத்தம் கேட்டது. நான் ஓடினேன். என் மகள் வாசற்படியில் நின்றாள். தலையிலிருந்து கால்வரை ஒழுகியது. தண்ணீரின் அழுக்கு இடுப்புவரை ஒரு கோடாக ஏறியிருந்தது. கை, கால், முழங்கை என்று தடவிப் பார்த்தேன். "எதுவும் உடையலம்மா, விடு," என்று நெளிந்தாள். என்னைத் தாண்டி உள்ளே எட்டி, ஜன்னலுக்கருகில் பலகையோடு நின்றவரைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நெடுநேரம் அழாமல் இருந்த முகம் அது, அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"உன்ன மாட்டிவிடறதுக்குப் போனேன்னு நெனச்சியா?" என்றாள் தாழ்ந்த குரலில். "நீ அவர்கிட்டப் போய்ச் சொல்ல மாட்டன்னு எனக்குத் தெரியும்மா. அதான் அவரக் கூட்டிட்டு வந்தேன். சரி, துண்டு எங்க? அவர்கிட்டயே குடுத்துட்டியா?"